மாமனார் மட்டையைத் தூக்கினால்

என் மாமனார் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். எங்கள் வட்டாரத்தில் அவருக்குப் பெரிய டிரைவர் என்றுதான் பெயர். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது உள்ளே ஒரு வாண்டு வாயைத் திறக்கக் கூடாது. "மூச்!" என்று ஒரு சொல்தான் சொல்வார். அத்தனை வானரங்களும் கப்சிப் ஆகிவிடும். கண்ணாடியில் பாதி, காதில் மீதி என்று பின்னால் எடுப்பார். அவர் ஓட்டிய காலம் முழுக்க ஒரு பிள்ளையின் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. அவரைப் பிடிக்காதவர்களும் இதை மட்டும் ஒத்துக்கொள்வார்கள்.

பஸ் டிரைவருக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் இல்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை மணியடிக்கும்வரை அவருக்கு வேலை கிடையாது. ஊரார் யாரும் போய் ஆடக்கூடிய கோல்ஃப் மைதானத்தின் வேலியோரம் பஸ்ஸை நிறுத்துவார். மற்ற டிரைவர்கள் தூங்கினார்கள், சீட்டு ஆடினார்கள். இவர் ஸ்டியரிங்மேல் தாடையை வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒருநாள் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

பஸ்ஸில் வைத்திருந்த சட்டத்தை மைதானத்துக்கும் கொண்டுபோனார். யாராவது மட்டையைத் தூக்கினால் மூச். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அசையக் கூடாது, தும்மல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தில்தான் வளர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி வெளியே இழுக்கிற மனுஷன், அப்பா மட்டையைத் தூக்கினால் பெட்டிப் பாம்பு. இப்போது நாலாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாத்தா, மகன், பேத்தி மூன்று பேரும் தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு குட்டிப் பந்தை அடித்துத் தொலைப்பது, பிறகு அதையே தேடிக்கொண்டு போவது, இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்கள் போனால் வீடு அமைதியாக இருக்கும். அந்த லாபம் எனக்குப் போதும்.

நான் சலவைக் கடையில் வேலை பார்க்கிறேன். துணி வந்ததும் விரித்துப் போட்டு எங்கே கறை, எங்கே கிழிசல் என்று பார்த்துச் சீட்டு கட்டுவது என் வேலை. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடுவதில்லை. மாமனார் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். அவர் சட்டைகளையும் நான்தான் எடுத்துப்போவேன். சில மாதமாக அந்தச் சட்டைகளில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. தேநீர்க் கறை இடது கைப்பக்கம். சுவர் சுண்ணாம்பு இடது தோளில். பேன்ட் கிழிந்திருந்தால் இடது முட்டியில். வலது பக்கம் அப்போதுதான் கடையில் வாங்கியது போல இருந்தது.

அப்புறம் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, தட்டில் இடது பாதியை அப்படியே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டைத் திருப்பினார். "அட, இங்கதான் இருக்கா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க அப்பாவுக்கு இடது பக்கம் கண்ணு தெரியலங்க."

"சும்மா இரு. அவருக்குப் பருந்துக் கண்ணு."

"அந்தப் பருந்து போன வாரம் கதவு நிலையில முட்டிக்கிச்சு."

அவர் ஷூவைத் துடைப்பதில் மும்முரமானார். கொஞ்ச நேரம் கழித்து, "நீயே சொல்லிப் பாரேன். நீ சொன்னா அவர் கேப்பார்" என்றார். பெத்த அப்பாவிடம் பேச எனக்குத் தூது உத்தியோகம்.

போனேன். மாமனார் மேஜை முன்னால் உட்கார்ந்து கோல்ஃப் பந்துகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். "மாமா, கண் டாக்டரை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?"

"ஏன், உனக்குக் கண்ணு சரியில்லையா?"

"உங்களுக்கு மாமா."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எனக்கா? அந்தக் காலண்டர்ல பொடி எழுத்துல இருக்கறதப் படிக்கட்டுமா?" என்றார். படித்தும் காட்டினார், ஒரு எழுத்துப் பிசகாமல். காலண்டர் வலது சுவரில் இருந்தது. அவருடைய இடது பக்கம் நின்ற வாண்டு, அம்மா வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்த்து நாக்கைத் துருத்திக் கோணங்கி காட்டிக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டும் தூரம்தான். அவள் அப்படிச் செய்தால் எவ்வளவு கோபத்திலும் அவர் சிரித்துவிடுவார். அன்று அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

நான் மேஜையிலிருந்த ஒரு பந்தை எடுத்து அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இதை இந்த மனுஷன் முழுப் பலத்தோடு அடிக்கிறார், என் மகள் அந்த மைதானத்தில் ஓடி ஆடுகிறாள். பந்தை மெதுவாக மேஜையிலேயே திரும்ப வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாண்டை அனுப்பமாட்டேன் என்றேன். அவள் தரையில் புரண்டு அழுதாள். என் வீட்டுக்காரர், "நான் கூடத்தானே இருக்கேன், என்ன ஆயிடும்?" என்றார். என்ன ஆகும் என்று வாயால் சொல்லக்கூட எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப நானும் வர்றேன்" என்றேன்.

"நீயா? கோல்ஃபுக்கா?"

"ஏன், நடந்தா எனக்குக் கால் தேஞ்சிடுமா?"

காரில் மாமனார் முன்சீட்டில் ஏறினார். முன்பெல்லாம் அவர்தான் ஓட்டுவார். யாருக்கும் சாவியைத் தரமாட்டார். சில மாதம் முன்னால் முதுகு வலிக்கிறது என்று சொல்லிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். முதுகு வலிக்கிறவர் எப்படி மைதானம் முழுக்க நடந்து மட்டை வீசுகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் புத்தியை என்ன சொல்வது.

அவருடைய மட்டைப் பை வண்டியை நான் இழுத்தேன். அந்தச் சாக்கில் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவர் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் வாண்டு எங்கே என்று என் கண் ஓடும். அவள் எப்போதும் பத்திரமாகப் பின்னால்தான் நின்றாள். பந்தை அடித்த பிறகு ஒவ்வொருவரும் அவரவர் பந்து கிடக்கும் இடத்துக்கு நடப்பார்கள். மாமனார் பந்து எல்லோருடையதையும் தாண்டிப் போய்க் கிடக்கும். அதனால் அவர் மறுபடி அடிக்கும்போது முன்னால் யாரும் இருக்க வழியில்லை. ஒரு குழியில் பந்தைப் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு என்று நாலைந்து குழி ஆனதும் எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. நாம்தான் நமக்கே பூச்சாண்டி காட்டிக்கொள்கிறோமோ என்று நினைத்தேன்.

அடுத்த குழியில்தான் அது நடந்தது. மாமனார் அடித்த பந்து எழும்பவே இல்லை. மட்டை அதன் மண்டையில் பட்டு, தரையோடு தத்திக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர் முகம் சிவந்துபோனது. என் வீட்டுக்காரர் பந்து வலது பக்க மரங்களுக்குள் போனது. வாண்டு பந்து மட்டும் நன்றாகப் போய் இடது பக்கப் புதரோரம் நின்றது. அவள் சந்தோஷத்தில் குதித்தாள், வழக்கம்போல் பந்தை நோக்கி ஓடினாள். தாத்தாவின் பந்து எப்போதும் தனக்கு முன்னால்தான் கிடக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். அன்றைக்கு முதல் தடவையாக அவர் பந்து அவளுக்குப் பின்னால் கிடந்தது.

என் வீட்டுக்காரர் மரங்களுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு தேடினார். மாமனார் அவமானத்தோடு விறுவிறுவென்று நடந்தார். நான் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் பந்தின் அருகே நின்று முன்னால் பார்த்தார். ஓட்டுகிறவர் கிளம்பும்முன் பார்ப்பதுபோல நிதானமாகத்தான் பார்த்தார். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் நீளத்துக்கு அப்பால், தூரத்துக் குழியில் நட்டிருந்த கொடிக்குக் கொஞ்சம் இடது பக்கமாக வாண்டு நின்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வழி சரியாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டார். பிறகு மட்டையைத் தூக்கினார்.

வாண்டு திரும்பினாள். தாத்தா மட்டையைத் தூக்குவதைப் பார்த்தாள். பார்த்ததும் கையை இரண்டு பக்கமும் ஒட்டவைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, அப்படியே நின்றாள்.

ஓடுடி என்று என் மனசு அலறியது. அவள் ஓடவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். நான் கத்த வேண்டும், ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டம் என்னையும் எப்போதோ பிடித்திருக்கிறது, எனக்கே தெரியாமல். பிறகு "மாமா!" என்று ஒரு குரல் வந்தது. என் குரல் என்று நம்ப முடியவில்லை. அதற்குள் மட்டை கீழே வந்துவிட்டது. 'டக்' என்று சத்தம் கேட்டது.

பந்து போனதை நான் பார்க்கவில்லை. வாண்டு சடாரென்று கீழே உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன்.

"யாரு சத்தம் போட்டது?" என்று மாமனார் உறுமினார்.

"முன்னாடி வாண்டு நிக்கறா மாமா!"

"எங்க?"

முன்னால், கொடியைப் பார்த்தபடியேதான் கேட்டார்; அவள் அதற்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. "எங்க? எங்கம்மா? அடிபட்டுச்சா? கண்ணு, ஏதாவது பேசு! சத்தம் போடு கண்ணு!"

அவள் பேசவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் தடவினேன், நெற்றியைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. "காதுகிட்ட விர்ருன்னு போச்சும்மா" என்றாள் ரகசியமாக.

"ஏண்டி ஓடல?"

"தாத்தா அடிக்கறார்ல?" என்றாள்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிர் பூராவும் கோபமாக இருந்தது. பின்னால் மாமனார், "யாராவது சொல்லுங்களேன்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் துடிக்கட்டும் என்றே விட்டேன். பிறகு, "ஒண்ணும் ஆகல" என்றேன். அவர் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர் வாண்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்க வைக்கப் போனார். நானும் மாமனாரும் மட்டும் இருந்தோம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒருநாள் காலையில எழுந்தேன், அந்தப் பக்கம் காணாமப் போயிருந்துச்சு. டாக்டர்கிட்ட போனா என்ன சொல்வாரோன்னு பயம். வண்டி ஓட்டறத அன்னிக்கே விட்டுட்டேன்ல? அது பிள்ளைங்க நடமாடற ரோடும்மா." மட்டையை எடுத்துத் தள்ளி வைத்தார். "இத விட முடியல. இங்க மட்டுந்தான் வாண்டு நாள் பூரா என்கூட இருக்கா."

"அதுக்காக என் பொண்ண முன்னாடி வெச்சிட்டு அடிப்பீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கீறல் இல்லாமல் வீட்டில் சேர்த்த மனுஷர். அவரைத் திட்ட என்னிடம் எத்தனையோ இருந்தது. திட்டாமல் மட்டையை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"இனிமே அவள உங்ககூட இங்க விடமாட்டேன் மாமா."

"விடாத" என்றார். "நான் வந்து கெஞ்சுவேன். என்ன எனக்குத் தெரியும். அப்பவும் விடாத."

மறுநாளே டாக்டரிடம் போனோம். மூளைக்குப் போகும் ரத்தம் எப்போதோ சற்று அடைபட்டிருக்கிறது, போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாமனார் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். தொப்பி மாட்டிக்கொண்டு நின்றார். கையில் மட்டைப் பை இல்லை. "சும்மா நடக்கத்தாம்மா. அவ அடிக்கட்டும். நான் மட்டையத் தொட்டா ஏன்னு கேளு" என்றார்.

"வேணாம் மாமா."

"ஒரே ஒரு குழி."

"வேணாம்."

"ஓரமா உக்காந்து பாக்கறேன். அதுகூடவா?"

அதில் என்ன தப்பு என்று அந்த நிமிஷம் எனக்கே தோன்றியது. உட்கார்ந்து பார்ப்பதில் என்ன ஆகப்போகிறது? அப்படித் தோன்றியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஓரமாக உட்காருகிறவர் அடுத்த வாரம் எழுந்து நிற்பார், அதற்கடுத்த வாரம் யாரிடமாவது மட்டையை வாங்குவார். நானும் வண்டியை இழுத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது என்று பக்கத்தில் நிற்பேன். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

திரும்பினால் வாண்டு நின்றாள், தொப்பியும் ஷூவும் போட்டுத் தயாராக. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தொப்பியைக் கழற்றித் தரையில் விட்டெறிந்துவிட்டு, "உன்கூட நான் பேசவே மாட்டேன், போ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அறைக் கதவை அறைந்து சாத்தினாள். சாயங்காலம்வரை கத்தினாள், அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள். என் வீட்டுக்காரர், "பாவம்டி, எவ்வளவு கோபமா இருக்கா பாரு" என்றார்.

இருக்கட்டும் என்றேன். கோபப்பட அவள் இருக்கிறாளே.