நைனா கண்ணில் நான் விட்ட மருந்து

என் நைனா ஏரித் தண்ணீரில் கழுத்தளவு குந்தி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பவர். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார். கூடையின் வாய் முகத்துக்கு நேரே இருக்கும். போன வருடம் உள்ளே கிடந்த பெரிய இறால் ஒன்று துள்ளி, அதன் தலைமுள் அவருடைய வலது கண்ணைக் கீறிவிட்டது.

வழியெல்லாம் அழுக்குத் துண்டால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து ஒரு சொட்டு மருந்து பாட்டிலை நீட்டினார்.

“கேம்ப்ல எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணப்போ குடுத்தாங்கடா. மீதி கீது. நல்ல மருந்து.”

நைனா அதை என்னிடம் தள்ளினார். “காலேஜி போற இல்ல, இன்னா எழுதிகீதுனு பாரு.”

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன். பார்த்தேன். கண்ணுக்கான மருந்துதான், காலாவதியாகவில்லை. அது என்ன செய்யும் என்று தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. தேதியைப் படித்துவிட்டால் போதுமா? அறிவுகெட்டவன்! “போடலாம் நைனா” என்றேன். மூன்று நாள் நானே விட்டேன். சிவப்பு குறைந்தபோது பெருமை வேறு.

நான்காம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. வலியில் சுருண்டவரை பஸ் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பாட்டிலைப் பார்த்ததும் டாக்டரம்மா கத்தினார். “இது ஆபரேஷன் ஆனவங்களுக்குக் குடுக்கிற ஸ்டீராய்டு. சிவப்ப மட்டும்தான் அடக்கும். கீறின கண்ணுல விட்டா கிருமிக்குக் கொண்டாட்டம். தேய்க்காம, சுத்தமான தண்ணில கழுவிட்டு அன்னிக்கே வந்திருக்கணும். யாரு போடச் சொன்னது?”

நான் வாய் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். “நானேதாம்மா போட்டுக்கினேன். எனக்குப் படிப்பு இல்ல.”

புண் ஆறியது. தழும்பு போகவில்லை.

அத்தை இன்னமும் அந்த மாதிரி பாட்டில்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். போன வாரம் அதைக் கண்டு நான் தெருவில் நின்று கத்தியபோது நைனா சிரித்தார். “வுடுடா. இறாலக் கண்ணாலயா புடிக்கிறேன்? கைதான தேடுது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்ல கண்ண மூடிக்கினு என்னப் பாரு. தெரியுதா?”

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். “தெரியுது. நிக்கிற.”

“மூஞ்சி?”

கையை எடுத்துவிட்டார். “கோவமாத்தான கீற” என்றார்.