ஒன்று முதல் நான்கு வரை: புனேயிலிருந்து காங்கேயத்துக்குக் கேரவனில் கிளம்பிய கதை

கேரவனில் ஊருக்குப் போன அனுபவத்தை எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். மலைச்சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கிற படங்களாகப் போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு படம்கூட என்னிடம் இல்லை. இருப்பதெல்லாம் மூடிய ஷட்டரின் படங்கள்தான். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் இந்தப் பதிவு அந்தக் கோபத்தோடுதான் இருக்கும்.

முதலில், கேரவன் எதற்கு? இந்த மே மாதம் காங்கேயம் பக்கம் என் நாத்தனார் சரண்யாவின் மகள் இனியாவுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர் செந்தில். அவருக்கு மார்ச் கடைசியில் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆகியிருந்தது. நடக்கலாம், நிற்கலாம், படுக்கலாம். உட்கார்வது மட்டும் ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அந்த அரை மணியை மடிக்கு வெச்சுக்கறேன். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் படுத்துட்டே வர்றேன்" என்றார் செந்தில். அவருக்கு ஒரே தங்கை. தோடு வாங்கி இரண்டு மாதமாகிவிட்டது.

ரயிலில் படுத்துக்கொண்டே போகலாமே என்பீர்கள். கோடை விடுமுறையில் எல்லா வண்டியும் வெயிட்டிங் லிஸ்ட். தட்கலில் கிடைத்ததும் நடுப் படுக்கை. அதில் ஏறி இறங்கினால் இன்னொரு ஆபரேஷன்தான். விமானத்தில் ஏறினால் சீட்பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தே உட்கார வேண்டும். ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஒரு நண்பர். காதுகுத்து வீட்டில் ஆம்புலன்ஸில் போய் இறங்கினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஆகக் கடைசியில் கேரவன். உள்ளே முழு நீளப் படுக்கை, சின்னச் சமையல் மேடை, கழிப்பறை, டிரைவரோடு சேர்த்து ஒரு நாளைக்கு 9,500 ரூபாய். டீசலும் சுங்கமும் தனி. நான்கு முறை போன் செய்து நான்கு முறையும் ஒரே கேள்விதான் கேட்டேன்: படுக்கை நன்றாக இருக்கிறதா? "பிரமாதம் மேடம்" என்று நான்கு முறையும் சொன்னார் வண்டியின் உரிமையாளர்.

கணக்கு இப்படி. மகர்பட்டாவில் எங்கள் வீட்டிலிருந்து காது குத்தும் கோயிலுக்கு ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். வண்டி அறுபதுக்கு மேல் போகாது. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை ஓட்டக் கூடாது என்பது உரிமையாளர் விதி. சனிக்கிழமை காலை ஆறுக்குக் கிளம்பினால் இரவு தாவணகெரே, ஞாயிறு இரவு ஊர். திங்கள் காலை ஒன்பதுக்கு ராகு காலம் முடிகிறது, பத்தரைக்கு எமகண்டம் தொடங்குகிறது. நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்தில் காது குத்தியாக வேண்டும். நிறையவே நேரம் இருக்கிறது என்று நினைத்தோம்.

ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி ஒன்பது பத்துக்கு வந்தது. ஊரின் மறுகோடியான நிக்டியிலிருந்து வருகிறதாம், வழியில் டிராஃபிக்காம். சனிக்கிழமை விடியற்காலையில் நிக்டி ரோட்டில் என்ன டிராஃபிக் என்று கேட்டேன். டிரைவர் பாண்டுரங் சிரித்தார். ஐம்பது வயது இருக்கும், நல்ல மனிதர். மராத்தியில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னைத் 'தாயி' என்றார். அதற்காகக் கோபத்தைக் குறைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

ஒன்பது பத்து என்றால் சனிக்கிழமை ராகு காலம் தொடங்கிப் பத்து நிமிஷம். நானும் செந்திலும், பிழை வந்தால் சனி, ஞாயிறு போய்விடும் என்று தெரிந்தும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாஃப்ட்வேர் ரிலீஸ் செய்யத் துணிகிற ஆட்கள். ஆனால் பிள்ளைக்குக் காது குத்தப் போகிறபோது ராகு காலத்தில் வாசல் தாண்ட எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை. பத்தரை வரை வீட்டிலேயே இருந்தோம். அந்த நேரத்தை உரிமையாளர் வீணாக்கவில்லை. வீடியோ காலில் வந்து விதிகளை வாசித்தார். உள்ளே செருப்பு கூடாது. ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. விசேஷம் எதுவும் நடத்தக் கூடாது. வெள்ளைப் படுக்கை விரிப்பில் கறை படக் கூடாது. வண்டியை மூன்று மணி நேரம் தாமதமாக அனுப்பக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

பத்தரை தாண்டியதும் கிளம்பினோம். செந்தில் படுத்துக்கொண்டார். ஹடப்சரில் முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பின்னால் 'மடேர்' என்றது. படுக்கையின் கால்மாட்டுப் பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. செந்தில் சறுக்கு மரத்தில் குழந்தை வருவதுபோல வழுக்கி வந்து தரையில் கிடந்தார். நல்லவேளை, அடி படவில்லை. படுக்கையைத் தாங்கும் இரும்புக் கொக்கி உடைந்திருந்தது. அது புதிதாக உடைந்ததில்லை. அதன்மேல் சுற்றியிருந்த பழைய துணிக்கயிறே அதைச் சொன்னது.

உரிமையாளரைக் கூப்பிட்டேன். "சோபா இருக்கே மேடம், உட்கார்ந்தே போகலாமே, ரொம்ப சௌகரியம்" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அப்புறம் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஒரு மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம், யாரும் வரவில்லை. கடைசியில், போபோடியில் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிறவர்கள் சாமான் வாங்கும் கடை இருக்கிறது, அங்கே போய் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வேறு வழி? எங்கள் பக்கத்து மாலில் பீட்சா கிடைக்கும், கொக்கி கிடைக்காது.

தெற்கே போக வேண்டிய நாங்கள் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் ஊர்ந்தோம். செந்தில் யோகா பாயை விரித்துத் தரையில் படுத்திருந்தார். போபோடியின் அந்தச் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது மணி ஒன்று பத்து. கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது.

புனேயில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஊரில் பழைய கடைக்காரர்கள் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடையை மூடிச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். பல வருஷங்களாக இதைச் சிரித்துப் பேசியே கடந்துவிட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது என் தலையில் விடிந்தது. கடைக்காரர் எங்கேயும் போகவில்லை. கடைக்கு மேலேயே வீடு. பால்கனியில் பனியனோடு நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல்.

"காகா! ஒரே ஒரு கொக்கி! ரெண்டு நிமிஷம்!" என்று என் கோயம்புத்தூர் இந்தியில் கத்தினேன். காகா என்றால் சித்தப்பா.

"சார் வாஜ்தா யா" என்றார். நான்கு மணிக்கு வா என்று அர்த்தம்.

"உள்ள பேஷண்ட் படுத்திருக்கார் காகா! முதுகு ஆபரேஷன்! ஆயிரம் கிலோமீட்டர் போகணும்!"

அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து வண்டியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். உள்ளே போனார். சாவி எடுக்கத்தான் போகிறார் என்று நான் ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேலே பால்கனிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அந்தச் சந்தில் அடுத்த மூன்று மணி நேரம் என்னைத் தவிர எல்லோரும் தூங்கினார்கள். கடைக்காரர் தூங்கினார். பாண்டுரங் டப்பாவைத் திறந்து பாக்ரி என்கிற சோள ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வண்டி நிழலில் துண்டை விரித்துத் தூங்கினார். நாய்கூடத் தூங்கியது. எங்கள் எமகண்டம் ஒன்றரையிலிருந்து மூன்று, அதுவும் அந்தக் கடையின் தூக்கத்துக்குள்ளேயே வந்து போய்விட்டது. காலையில் ராகு காலம் பார்க்காமல் கிளம்பியிருந்தால் இந்தக் கடை திறந்திருக்கும்போதே வந்திருப்போம் என்று தோன்றியது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன்.

இரண்டு மணி வாக்கில் சரண்யா கூப்பிட்டாள். இன்னும் புனேயைத் தாண்டவில்லை என்றேன்.

"அண்ணி, வர முடியலைன்னா இப்பவே சொல்லிருங்க. பெரியப்பா பையன உக்கார வெச்சுக்கறோம். எமகண்டத்துல ஊசி வெக்க முடியாது பாருங்க. அப்புறம் எங்க வீட்டுல ஆளாளுக்குப் பேசுவாங்க."

ஸ்பீக்கரில் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். செந்தில் எல்லாவற்றையும் கேட்டார். தரையில் கிடந்தபடியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சரண்யாவுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "வருவோம்" என்று மட்டும் கத்தியதாக ஞாபகம். மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மடியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார், அதற்குள் வேறு மடி தேடுகிறார்களா?

நான்கு மணிக்கு ஷட்டர் ஏறியது. ஒரு நிமிஷம் முன்னே இல்லை, பின்னே இல்லை. கடைக்காரர் முகம் கழுவி, சட்டை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துப் பளிச்சென்று நின்றார். "பேஷண்ட் இப்போ எப்படி இருக்கார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கொக்கி 180 ரூபாய். பாண்டுரங் மாட்ட அரை மணி நேரம். ஐந்தேகாலுக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தோம்.

அன்றிரவு கோலாப்பூர் வரைதான் போக முடிந்தது, சுமார் 230 கிலோமீட்டர். ஞாயிறு காலை ஐந்துக்கே கிளம்பி, பாண்டுரங் மதியம் இரண்டு மணி நேரம் தூங்க நிறுத்தி (இந்தத் தூக்கத்தை நான் ஆட்சேபிக்கவில்லை), இரவு பத்துக்குக் கிருஷ்ணகிரி. பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா எல்லாம் கண்ணாடி வழியே போயின. காற்றாலைகள் அழகு என்பார்கள். செந்தில் கூரையைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

திங்கள் காலை சேலம், ஈரோடு. சென்னிமலை தாண்டி, வெள்ளை அடிக்காத ஒரு வேகத்தடை. பாண்டுரங் கவனிக்கவில்லை. கொக்கி தாங்கியது, செந்திலின் முதுகு தாங்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டது.

கோயில் வாசல் வேப்ப மரத்தடியில் வண்டி நின்றபோது மணி பத்து ஐந்து. "வித்யா, எந்திரிக்க முடியல" என்றார் செந்தில் என்னிடம். நானும் பாண்டுரங்கும் தோள் கொடுத்துப் பார்த்தோம். வலியில் அவர் பல்லைக் கடித்த விதத்தைப் பார்த்து நானே விட்டுவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து, கோயில் கண்ணுக்கெதிரே இருந்து, இறங்க மூன்று படி.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரண்யா ஓடி வந்து ஏறினாள். அண்ணன் கிடக்கிற கோலத்தைப் பார்த்தாள். பெரியப்பா பையன் பின்னாலேயே வந்து நின்றார். அவள் வாயிலிருந்து ஒரு சொல் தப்பாக வரட்டும், இரண்டு நாள் கோபத்தையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம் என்று நான் காத்திருந்தேன்.

"என்னால உக்கார முடியாது சாமி. நீ அவனையே..." என்று செந்தில் தொடங்கினார்.

"மடி தானுங்கண்ணா வேணும், கோயில் தரையா வேணும்?" என்றாள். திரும்பி வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "ஆசாரியாரே, இங்க வாங்க! பாப்பாவத் தூக்கிட்டு வாங்க! வண்டிக்குள்ளயே குத்திக்கலாம்!"

அப்புறம் நடந்ததெல்லாம் பத்து நிமிஷம். மூன்று தலையணையை அடுக்கிச் செந்திலைச் சாய்த்து வைத்தோம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இனியாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். ஆறு பேர் ஏறக்கூடிய வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. மாற்று மடியாக இருந்த பெரியப்பா பையன் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நின்றார். சமையல் மேடையில் விளக்கு எரிந்தது. படியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். உரிமையாளர் விதிகளில் ஒன்று மட்டும் காப்பாற்றப்பட்டது. ஆசாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"தாயி..." என்று பாண்டுரங் இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் போய் ஏசியைப் போட்டார்.

பத்து இருபத்தைந்துக்குள் இரண்டு காதும் முடிந்தது. இனியா வீறிட்டு அழுதாள். செந்திலும் அழுதார். முதுகு வலியில் வந்த கண்ணீர் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சரண்யா அண்ணன் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் மட்டும் அங்கேயே போய்விட்டது. மற்றவர்கள்மேல் இருப்பது அப்படியே இருக்கிறது.

கேரவன் எடுக்க நினைப்பவர்களுக்கு: வண்டியை முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு வரவழையுங்கள். வாடகை அரை நாள் கூடினாலும் பரவாயில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் படுக்கையில் ஏறிப் படுத்து, புரண்டு, குதித்தும் பாருங்கள். ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். நல்ல நேரம் பார்க்கிறவர்களா? ஒரு பெட்டியை நல்ல நேரத்தில் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்த வழி எங்கள் இருவர் மூளைக்கும் அன்று எட்டவில்லை. புனேயில் எதை வாங்குவதானாலும் ஒரு மணிக்கு முன்னால் வாங்குங்கள். பால்கனியைப் பார்த்துக் கத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் உரிமையாளர் வாட்ஸாப்பில் வெள்ளை விரிப்பின் படத்தை அனுப்பினார். நடுவில் மஞ்சள், ஓரத்தில் குங்குமம், சந்தனத்தில் சின்னதாக ஒரு மொட்டைத் தலையின் தடம். "மேடம், உள்ளே என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தார்.

"உங்கள் படுக்கையைச் சோதித்துப் பார்த்தோம். மாமனையும் மருமகளையும் சேர்த்துத் தாங்குகிறது" என்று பதில் போட்டேன்.