பிரபாவதி லேப்டாப்புக்குக் கண் தெரியாத வாரம்

பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உயிர் போனதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சும்மா தூசு தட்டினா போதும் ஆரோக்கியராஜு" என்பார்கள். பிரபாவதி அப்படிச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து, பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, பத்திரம் வாசிப்பது மாதிரி ஆரம்பித்தாள்.

"கிழக்கால இருக்கிற யூஎஸ்பி ரெண்டும் வேலை செய்யுதுண்ணா. மேற்கால இருக்கிறது செய்யல. வடக்கால சார்ஜர் குத்துற எடம் கொஞ்சம் ஆடும். விண்டோஸ் தொறக்கவே மாட்டேங்குது."

"ஏம்மா, ரிப்பேருக்குக் குடுக்கிறியா, கிரயம் பண்ணிக் குடுக்கிறியா? எல்லையெல்லாம் சொல்ற."

சிரித்தாள். பத்து வருஷம் திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்தவளாம். அவள் ஊரான காணையிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திண்டிவனம், தினமும் இரண்டு பஸ். ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை அடித்திருக்கிறாள். அவள் குடும்பத்துக்கு எல்லை சொல்ல ஒரு சென்ட் கிடையாது. போன வருஷம் அந்தப் பெரியவர் இறந்துபோக, ஆபீசை மூடிவிட்டார்கள். அதிலிருந்து களை எடுக்கவும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தாள்.

லேப்டாப் அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அம்மா இல்லாத வீடு. அப்பா மாரியப்பன் கரும்பு வெட்டுகிறவர். அந்த ஒற்றை அறை வீட்டில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற பொருள் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு ஒரு தேர்வு. சென்னையில் ஒரு கம்பெனி, பேச்சைக் கேட்டுத் தமிழில் டைப் அடித்துக் கொடுக்க ஆள் எடுக்கிறது. வீட்டிலிருந்தே வேலை. மொபைல் செல்லாது, வெளியிலிருந்து மாட்டுகிற கேமராவும் செல்லாது. தேர்வு முடிகிறவரை லேப்டாப்பின் சொந்தக் கேமராவில் அவள் முகம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தெரியாவிட்டால் தேர்வு ரத்து. இனி ஒருமுறை கூப்பிட மாட்டார்கள்.

"புது விண்டோஸ் இதுல ஏறாதும்மா. லினக்ஸ் போட்டுத் தர்றேன், லேசா ஓடும்."

"அதுல தமிழ் அடிக்கலாமாண்ணா?"

"தாராளமா."

"அப்பப் போடுங்க."

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏறியது. வைஃபை மட்டும் தலைகாட்டவில்லை. என் போனைக் கேபிளில் மாட்டி, அந்த வழியாக இன்டர்நெட் எடுத்து, அதற்கான டிரைவர் மென்பொருளை இறக்கினேன். செவ்வாய்க்கிழமை அதுவும் வந்துவிட்டது. சத்தம் வந்தது. மேற்கு யூஎஸ்பி கூட வந்தது, அதில் வெறும் தூசுதான். கேமராவைத் திறந்தேன். புளித்தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி செம்பழுப்பாக ஒரு இருட்டு. அதற்குள் என் மண்டை என்று எதையோ சொல்லிக்கொள்ளலாம்.

கேமராவே இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தால் நிம்மதி. இருக்கிறது என்று சொல்லிவிட்டு இப்படிக் காட்டினால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நிறம் மாறி வந்தால் டிரைவர் கோளாறுதான் என்று முடிவு கட்டினேன். எந்தெந்த நாட்டுக்காரனோ எழுதி வைத்ததையெல்லாம் படித்தேன். இருந்ததைத் துடைத்துவிட்டு வேறொரு லினக்ஸ் போட்டேன். அதே புளித்தண்ணீர். வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் திண்டிவனத்துக்கே பஸ் ஏறினேன். அங்கே தேவசகாயம் என்று பழைய பார்ட்ஸ் விற்கிற நண்பன். அவனிடம் இருந்த இரண்டு கேமராவும் இந்த மாடலுக்குச் சேரவில்லை.

"இந்த ஓட்டைக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்று கேட்டான். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன்.

சாயந்திரம் பிரபாவதி அப்பாவோடு வந்து நின்றாள். எல்லாம் சொன்னேன். "பேஜாரா பூடுச்சும்மா. வேற யார்கிட்டயாச்சும் ஒருநாளைக்கு லேப்டாப் கேட்டுப் பாரு."

கேட்க யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரிண்ணா, நீங்க எவ்ளோதான் செய்வீங்க" என்று பையின் ஜிப்பைத் திறந்தாள். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அதுவரை வாசலோரம் நின்றிருந்த மாரியப்பன் கிட்டே வந்தார். "கேமரான்றது இதுல எங்க தம்பி இருக்குது?"

திரைக்குமேல் சட்டத்தின் நடுவில், மிளகளவு குழியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். "அதுவா இதுக்குக் கண்ணு? நான் நெத்தின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கரும்பு வெட்டுகிற கத்தியையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படைப்பாராம். கத்திப் பிடியில் ஒரு பொட்டு. லேப்டாப்புக்கு நெற்றியில் ஒரு பொட்டு, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். மறுநாள் பிரபாவதி துடைத்துவிடுவாள். மேலே இருந்தது போகும். குழிக்குள் இறங்கியது வருஷத்துக்கு ஒரு பூச்சாக அங்கேயே காய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று நான் சாக்கு சொல்லலாம். ஆனால் பக்கத்துக் கடைத் தராசில் பொட்டு இருப்பதைத் தினமும் பார்க்கிற எனக்கு, நாலு நாள் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்த குழி கண்ணில் படவில்லை.

காது குடைகிற பஞ்சுக் குச்சியில் லென்ஸ் துடைக்கிற திரவம் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. இன்னொன்று, இன்னொன்று.

"நான்தான் கெடுத்துட்டனா தம்பி?" என்று கேட்டார் மாரியப்பன். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஒண்ணும் கெடல பெரியவரே. என் புத்திதான் கெட்டுப்போச்சு."

திரையில் முதலில் டியூப் லைட் தெரிந்தது, பிறகு பிரபாவதி. தன் முகமும் அதில் விழுந்ததைப் பார்த்து மாரியப்பன் அவசரமாக விலகினார். பிரபாவதி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் திரையில் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்க்ரூ டிரைவர் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் தேர்வில் வேறு ஆள் தெரியக்கூடாது, வேறு குரலும் கேட்கக்கூடாது. மாரியப்பன் தெருமுனையில் உட்கார்ந்து, ஆட்டைக்கூட அந்தப் பக்கம் விடவில்லையாம். வேலை கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் கழித்து பிரபாவதி போன் செய்தாள்.

அக்டோபரில் ஒருநாள் காலையில் மாரியப்பனே கூப்பிட்டார், மெல்லிய குரலில்.

"பாப்பா டைப் அடிச்சிக்கினு இருக்குது தம்பி, அதான் வெளிய வந்து பேசறேன். இன்னிக்கிப் பூஜை. இந்த வருஷம் கத்தி வெக்கல. வெட்டுக்குப் போவ வேணாம்னு சொல்லிடுச்சு. இது ஒண்ணுதான். பொட்டு எங்க வெக்கட்டும்?"

"மூடி மேல வெய்யுங்க பெரியவரே, நடுவுல. பெருசாவே வெய்யுங்க" என்றேன்.