குருவிக்கு வைத்த வெடி

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கத்துவது. களை பிடுங்கச் சொல்லியிருந்தால் பிடுங்கியிருப்பேன், நாற்று நடச் சொல்லியிருந்தால் நட்டிருப்பேன். கத்துவது மட்டும் எனக்கு வராது. கடையில் உப்புக் கேட்பதற்கே ஆட்கள் குறையும்வரை ஒதுங்கி நிற்கிறவள் நான்.

செங்கலடிக்கு அப்பால் வாவிக்கரையோரம் இருந்தது நிலையம். ஆமிக்கும் இயக்கத்துப் பொடியன்களுக்கும் சண்டை நடந்த காலம் அது. உவர் மண்ணில் விளையும் நெல்லை உண்டாக்க வேண்டும் என்று அங்கே ஒரு சிறு பாத்தியில் ஒட்டு நெல் போட்டிருந்தார்கள். அந்த விதை வேறெங்கும் கிடையாது. கதிர் பால் பிடிக்கும்போது குருவி இறங்கினால் அந்தப் போகம் முடிந்தது. மிஞ்சுவதைப் பொறுக்கி அடுத்த போகத்துக்குப் போடுவார்கள். ஆகவே குருவிக் காவலுக்கு ஆள் தேடினார்கள். நான் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, வாவியின் உப்புத் தண்ணீர் ஏறி, எங்கள் வயல் வெள்ளை பூத்துக் கிடந்தது. என் புருசன் ஊரான் வயலில் கூலிக்கு நின்றார். "இந்த நெல்லு சரிவந்தா முதல் விதை உங்களுக்குத்தான் பூமணி" என்று நிலையத்துப் பெரிய ஐயா சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருடக் கூத்தையும் பொறுத்தேன்.

முதல் நாள் வரம்பில் நின்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஓவர்சியர் தம்பிராசா தலையில் கை வைத்தார்.

"என்ன புள்ள, குருவிக்குக் காதுக்குள்ள ரகசியம் சொல்றயா? கத்து! வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?"

மறுநாள் ஒரு தகரத்தைக் கொண்டுபோய்த் தட்டினேன். கை நோகும்போது குருவி இறங்கும்.

வெடி

என் தகரத்தைப் பார்த்துப் பெரிய ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் வெளிநாட்டில் ஒரு கருவி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் நித்திரை கொள்ளமாட்டார். கொழும்புக்கு எழுதி ஒரு இரும்புக் குழாயை எடுப்பித்தார். கார்பைட் போட்டுத் தண்ணீர் விட்டால் காஸ் நிறைந்து, தானாகவே விட்டு விட்டு வெடிக்குமாம்.

"ஐயா, அங்கால ஆமிக் காம்ப் கிடக்கு" என்றார் ஓவர்சியர்.

"அவங்களுக்கும் விளங்கும்தானே, இது விவசாயம் எண்டு."

ஒரே ஒரு வெடிதான் வெடித்தது. காம்ப்பிலிருந்து பதில் வந்தது. நாங்கள் எல்லோரும் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தோம். சேற்றுக்குள் முகம் புதைந்தபடி என்னுடன் வேலை செய்த கண்ணம்மா சொன்னாள்: "விளங்கிட்டுது போல புள்ள அவனுகளுக்கு."

பிறகு ஆமிக்காரர் வந்து ஐயாவையும் குழாயையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். "குருவிக்கு யார் வெடி வைக்கிறது? பொய் சொல்ல வேணாம்" என்று ஒருவன் கேட்டது எங்களுக்கே நியாயமாகத்தான் பட்டது. பொழுதுபட ஐயா வந்து சேர்ந்தார். குழாய் வரவில்லை. எங்களுக்கு முதலே குருவிகள் பாத்திக்குத் திரும்பியிருந்தன.

வெருளி

அடுத்து வந்தது காற்றுக்குக் கை அசைக்கும் வெருளிப் பொம்மை. கம்பியும் சைக்கிள் பேரிங்கும் வைத்து ஐயாவே செய்தார். ஓவர்சியரின் பழைய பச்சைச் சட்டையை அதற்கு மாட்டினார்கள். நல்லாய்த்தான் ஆடியது. குருவியும் ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம், பயந்தது.

இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வெருளியின் நெஞ்சு முழுக்கத் துவக்குச் சன்னத்து ஓட்டை. இரவில் கூப்பிட்டும் நிற்காமல் கை காட்டியதாம். சுட்டவர்கள் காம்ப்காரர். அன்று பின்னேரமே மற்றப் பக்கத்துப் பொடியன்கள் இருவர் சைக்கிளில் வந்தார்கள்.

"என்னக்கா, ஆமிச் சட்டை போட்டு ஆளை நட்டிருக்கிறயள்? கோயில் கட்டிக் கும்பிடப் போறயளோ?"

ஓவர்சியர்தான் ஓடி வந்து, அது தன்னுடைய சட்டை, கலியாணத்துக்கு முதல் வாங்கியது என்று சத்தியம் செய்தார். அவர்கள் போன பிறகு கண்ணம்மா ஐயாவிடம் போனாள். "வெருளிக்கும் ஒரு அடையாள அட்டை எடுத்துக் குடுங்க ஐயா. ரெண்டு பக்கமும் காட்டலாம்."

ஐயா சிரிக்கவில்லை. அடுத்த கருவியை யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்படியே போனது. பருந்துபோல் கத்தும் பெட்டி வந்தது. அதற்குப் பற்றரி வேண்டும், பற்றரியைச் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். மீன் வலையைப் பாத்திக்கு மேலே கட்டினோம். வலைக்குக் கீழே என்ன மறைத்திருக்கிறீர்கள் என்று வந்து அறுத்தார்கள். கசற் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றுக்கு இரையுமாம். அந்த நாடாவில் என்ன பாட்டு இருக்கிறது என்று சாவடியில் கேட்டார்கள். நல்ல காலம், அது பிள்ளையார் பாட்டு. ஒவ்வொரு கருவியும் போன பிறகு என் தகரம் மட்டும் மிஞ்சும். எங்கள் வயல் வெள்ளையாகவே கிடந்தது.

சத்தம்

ஒரு மாரிப் போகத்தில் அந்த நெல் வந்தது. தாள் நிமிர்ந்து, கதிர் வளைந்து, முற்றும் பருவம். ஐயா குனிந்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் கடித்தார்.

அந்தக் கிழமைதான் ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லோரையும் நிலைய வாசலுக்கு வரச்சொல்லிக் குந்தவைத்தார்கள். நான் தூரத்துப் பாத்தியில் நின்றதால் எனக்குத் தெரியாது. கிறுகித் திரும்பிப் பார்க்கிறேன், வாவிப் பக்கமிருந்து ஆமிக்காரர் வரிசையாய், கைக்குக் கை எட்டும் தூரத்தில் வருகிறார்கள். வழியில் வரம்பும் இல்லை, வயலும் இல்லை. எல்லாம் சப்பாத்துக்குக் கீழே. நேரே என் பாத்திக்குத்தான் வருகிறார்கள்.

எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது.

"ஏறாதீங்க! டேய், ஏறாதீங்கடா! விதை நெல்லு!"

சுற்று வட்டையிலிருந்த குருவி எல்லாம் ஒரேயடியாய் எழும்பியது. வரிசை முழுவதும் முழங்காலில் விழுந்து துவக்கை நீட்டியது. இனிச் செத்தேன் என்று நினைத்தேன். ஆனாலும் வாய் மூடவில்லை. "விதை நெல்லு, விதை நெல்லு" என்று அதையே கத்திக்கொண்டிருந்தேன்.

வரிசைத் தலைவன் எழும்பி வந்தான். பாத்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கோபமாய்ச் சிங்களத்தில் ஏதோ ஏசினான். பிறகு கையைக் காட்டி வரிசையை இரண்டாய்ப் பிரித்தான். சுற்றிப் போனார்கள். மூலையில் ஒருவன் மிதித்துக்கொண்டுதான் போனான். மிச்சம் தப்பியது.

ஓவர்சியர் வந்து என்னை வரம்பில் இருத்தினார். "பாவி மகளே, இத்தனை வருசமும் இந்தச் சத்தத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தனீ?"

இப்போது நிலையங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு கருவி வந்தால், அது கொழும்பில் எப்படி வேலை செய்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். நம் வயலில் அதை வைத்தால் யார் யார் பார்ப்பார்கள், யார் யார் கேட்பார்கள் என்பதையும் விசாரியுங்கள். வெள்ளாமை குருவிக்கும் நமக்கும் நடுவில் மட்டும் நடப்பதில்லை.

ஐயா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் விதை எங்களுக்கு வந்தது. உவர் பூத்த வயலில் விதைத்தோம். கொஞ்சம் கருகியது, மிச்சம் நின்றது. பால் பிடிக்கிற நாளில் ஐயா பார்க்க வந்தார். சும்மா வரவில்லை, ஒரு ரேப் ரெக்கோடரோடு வந்தார். என் சத்தத்தைப் பதிந்து, ஸ்பீக்கரில் போட்டால் எல்லா வட்டைக்கும் காவலாகுமாம்.

"பூமணி, அண்டைக்குக் கத்தினமாதிரி ஒருக்கா."

பெட்டியைப் பார்த்தேன். வெட்கமாய் இருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஐயா காத்திருந்தார், அலுத்தார், பெட்டியை நிறுத்திப் பைக்குள் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குருவிக் கூட்டம் ஒன்று எங்கள் வயலில் இறங்கியது. நான் கத்தினேன். ஐயா காதைப் பொத்திக்கொண்டார்.