மூடினால் நின்றுபோகும் செட்டு

சோலைமலை எங்க சின்னய்யா மகன் ராமருக்கு ரெண்டாவது பிள்ளை. எனக்கு மகன் முறை. பிறந்தது சேவுகம்பட்டி. காட்டு வேலையில் கால் தரிக்காமல் திண்டுக்கல்லுக்கு வந்து, இரும்புப் பெட்டி செய்கிற பட்டறையில் சேர்ந்தான். பகலெல்லாம் தகடு வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் மறுபடி திருப்புளியைத்தான் எடுப்பான். ஆம்ப்ளிபயர் கட்டுவதில் அப்படி ஒரு கிறுக்கு. சோறு தின்னும்போதுகூட ஒரு தொடை ஆடிக்கொண்டே இருக்கும். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி என் கூடப்பிறந்த தங்கச்சி மகள். "மாமா, இவருக்குக் காலுல மோட்டாரு மாட்டி விட்டிருக்காக" என்பாள் என்னிடம்.

தொண்ணூற்றெட்டில் அவன் அக்கா சிவனம்மாளின் மகள் பானுப்ரியா சமைந்தாள். சிவனம்மாளைக் கொடுத்தது அய்யலூரில். தாய்மாமன் சீர் இவன்தான் செய்யணும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது பாட்டு செட்டு. அதில்தான் வில்லங்கம்.

அதற்கு மூணு வருஷம் முந்தி இவன் அந்த வீட்டுக்கு ஒரு செட்டு கட்டிக் கொடுத்திருந்தான். உள்ளே ஒரு ஒயர் உரசி, தகரத்தில் கரண்டு ஏறி, சிவனம்மாளின் மாமியார் கருப்பம்மாளை இழுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து சிவனம்மாள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து பேசமுடியாது. குழம்பில் உப்புக் கூடினால்கூட, "அக்காளும் தம்பியுமா என்னைக் கொல்லத்தான பாக்கிறீக" என்று அந்தம்மா ஆரம்பித்துவிடும்.

சீர் பேசப் போன அன்று நானும் கூட இருந்தேன்.

"சீலை கொண்டா, தட்டு நெறைய பழம் கொண்டா. கரண்டு சாமான் மட்டும் ஓங் கைபட்டது என் வீட்டுக்குள்ள வரப்பிடாது" என்றது கருப்பம்மாள்.

"இந்த ஒரு தடவை பாருங்க அத்தை. இதுவும் சரியில்லைன்னா, இனி உங்க வாசலுக்கு டார்ச் லைட்டுகூடக் கொண்டார மாட்டேன்."

அந்தம்மா என்னைப் பார்த்தது. "பெரியவுக சாட்சி" என்றது. சிவனம்மாள் சமையல்கட்டிலிருந்து தம்பியைப் பார்த்த பார்வை இருக்கே, அதற்கப்புறம் இவனுக்கு ஏது தூக்கம்?

முதல் வேலையாக அய்யலூர் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த்துப் போட்டான். மூணு கால் பிளக்குக்கு சுவிட்சுப் பெட்டியும் மாற்றினான். ரேடியோக் கடை நூர் அகமது பாய் மெட்ராஸிலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மர் வரவழைத்துக் கொடுத்தார். நாம பார்க்கிற சதுரக் கட்டை இல்லை. தலைச்சும்மாடு மாதிரி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, தூக்கினால் கை இறங்குகிற கனம். இதில் இரைச்சலே இருக்காதாம். அதை வைக்கப் பட்டறையிலேயே கெட்டித் தகட்டில் பெட்டி செய்தான்.

இரும்புப் பெட்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை மாட்டினாலும் போல்ட்டை இந்தத் தகட்டில் விட்டு, அந்தத் தகட்டையும் துளைத்து வெளியே இழுத்து, நட்டுப் போட்டு இறுக்குவார்கள். அப்போதுதான் கடப்பாரை போட்டாலும் அசையாது. சோலைமலையும் அப்படியே செய்தான். அடித்தட்டிலிருந்து நீள போல்ட்டு, சும்மாட்டு ஓட்டை வழியாக மேலே ஏறி, மூடியையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் தலையில் பளபளவென்று ஒரு நட்டு.

சுவிட்சைப் போட்டான். 'உர்ர்' என்றது. பியூஸ் போய்விட்டது.

நட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். எதுவும் தீயவில்லை. புது பியூஸ் போட்டான். பாட்டு கணீரென்று பாடியது. மறுபடி மூடி இறுக்கினான். மறுபடி உர்ர். திறந்தால் பாடுகிறது, மூடினால் சாகிறது. நாலு நாள் இதே கதை. மூடியில் ஒயர் உரசுதோ என்று உள்ளே அட்டை ஒட்டினான். ஒயரையெல்லாம் அறுத்துப் புதுசாக மாற்றினான். கடையில் பியூஸ் கேட்டுப் போக வெட்கப்பட்டு என்னை அனுப்பினான்.

"தெறந்தபடியே தட்டுல வச்சுக் கொண்டு போங்களேன். வெஞ்சனச் சட்டி மாதிரி கூடவே ஒரு கரண்டியும் போட்டு" என்றாள் முத்துப்பேச்சி.

"நீ செத்த நேரம் வாய மூடுறியா?"

"என்னைய மூடுனா பாடிருமா?"

பட்டறையில் கூட வேலை பார்க்கிற பொம்மையன், "பியூஸுக்குப் பதிலா தடிக் கம்பியைச் சுத்துப்பா. எப்படிப் போகும்னு பாப்போம்" என்றான். சோலைமலை கையில் இருந்த ஸ்பானரை வீசப் போய்விட்டான். "அங்க இருக்கிறது என் அக்கா புள்ளடா!"

சடங்குக்கு முதல் நாள் மத்தியானம். இவன் மூடியை வைத்து ஓரத்து ஸ்குரூக்களை மட்டும் முடுக்கியிருந்தான். பெரிய நட்டு எங்கேயோ உருண்டுவிட்டது. தேட எரிச்சல்பட்டு அப்படியே சுவிட்சைப் போட்டான். மூடி மூடியிருக்கிறது, பாட்டு பாடுகிறது! செட்டைப் பார்க்க வந்திருந்த நூர் அகமது பாயோடு நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். நட்டை நான்தான் கட்டிலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நிறுத்திவிட்டு, அதை இறுக்கி, மறுபடி போட்டான். உர்ர்.

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏலே சோலை! டிரான்ஸ்பார்மர்ங்கிறது என்ன, வளையத்தைச் சுத்திச் சுத்திக் கம்பி. ஒன் போல்ட்டு ஓட்டைக்குள்ள போகுது, மூடியில ஏறுது, பக்கத் தகடு வழியா இறங்கி அடித்தட்டுல போல்ட்டு காலோடயே சேருது. இம்புட்டுத் தடியில நீயே ஒரு சுத்து சுத்தி, நட்டை இறுக்கி முனையையும் முடிஞ்சு வச்சிருக்க. கரண்டு அம்புட்டும் அதுலதான ஓடும், பியூஸ் எப்படித் தாங்கும்?"

சோலைமலை பெட்டியையே பார்த்தான். "அசையப்பிடாதுன்னு பாத்தேன் பாய்."

"அடியில மட்டும் பிடிச்சாப் போதும்டா. மேல தொடப்பிடாது."

போல்ட்டை அறுத்துக் குட்டையாக்கினான். டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஒரு ரப்பர், மேலே ஒரு ரப்பர், அதன்மேல் கிண்ணி மாதிரி ஒரு வட்டத் தகடு, அதோடு நட்டு. போல்ட்டு முனைக்கும் மூடிக்கும் நடுவில் ரெண்டு விரல் இடம் விட்டான். பெயிண்டைச் சுரண்டி, பச்சை எர்த்து ஒயரைத் தகட்டோடு இறுக்கினான். மூடி போட்டு ஒன்றரை மணி நேரம் பாடவிட்டுத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்புதான். ஆனால் மூடியின் நட்டநடுவில் ஓட்டை மிஞ்சிவிட்டது. புது மூடி வெட்ட நேரமில்லை. பெட்டிக்காரனுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

மறுநாள் மேளத்தோடு சீர்த்தட்டுகள் போய்ச் சேர்ந்தன. கருப்பம்மாள் கண் நேரே ஓட்டையில்தான் விழுந்தது.

"என்னப்பா, சீருக்கு ஓட்டை சாமானா?"

காற்றுப் போக விட்டது என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? இவன் சொல்லவில்லை. "தப்பாப் போட்ட ஓட்டை அத்தை. தப்பைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டேன். ஓட்டை மட்டும் தங்கிப்போச்சு."

அந்தம்மா, "போடு. மேல ஓங் கைய வையி. நாஞ் சொல்ற வரைக்கும் எடுக்கப்பிடாது" என்றது.

சபை மொத்தமும் பார்க்கிறது. பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, ரெண்டு உள்ளங்கையையும் தகட்டில் பதித்துக்கொண்டான். சிவனம்மாள் சுவிட்சைப் போட்டாள். பாட்டு எழும்பியது. ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு. காபி வந்தது, குடிக்கவில்லை. நாலாவது பாட்டில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், "தாய்மாமன் மாலை போட வரணும்!"

இவன் கையை எடுக்காமல் கருப்பம்மாளைப் பார்த்தான்.

"போப்பா, போ. புள்ளை காத்திருக்கு."

அவன் எழுந்து போனதும் அந்தம்மா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. புறங்கையால் ஒருதரம் தொட்டது. பிறகு உள்ளங்கையை வைத்தது. வைத்தபடியே என் பக்கம் திரும்பி, "ஏங்க, சத்தத்தைக் கூட்டணும்னா இதுல எதைத் திருகணும்?" என்று கேட்டது.