அப்பாவின் சீனிக்கு அம்மாவின் விரல்

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார் என் அப்பா. தோட்டத்தில் பாம்பைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்கி வீசுகிற ஆள். ஊசி என்றால் மட்டும் உயிரே போய்விடும். அப்படிப்பட்டவருக்குத்தான் இனிப்புநீர் வியாதி வந்து சேர்ந்தது.

விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சீனியின் அளவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வித்தையைக் கூலாய் டவுன் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அவர் கொடுத்த சீனி பார்க்கும் மெஷினோடு வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார்.

"உன் விரலக் குடு லா. ஒரே சட்டிச் சோறுதான தின்னுறோம்? ரெண்டு பேருக்கும் ஒரே சீனிதான் இருக்கும்."

அம்மா சிரித்துக்கொண்டே நீட்டினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

எண் கூடுதலாக வந்தது. அப்பாவின் சோறு குறைந்தது. ரொட்டி சானாய் நின்றது, மைலோ நின்றது. வாங்கி வைத்த இனிப்புப் பால்டின்னை வீணாக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. அப்பாவுக்கு ஆகாததெல்லாம் அம்மாவின் வயிற்றுக்குள் போனது. அப்பா இடுப்பில் கைலி நிற்காமல் இளைத்தார். எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"திருட்டுத்தனமா எங்க போய்த் தின்னுறீங்க?" என்று அம்மா லோரியைக்கூடச் சோதனை போட்டார்.

மறுபடி கிளினிக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். மெஷினில் பதிவாகியிருந்த எண்களைப் பார்த்து மிஸ்ஸி, "அலமாக்!" என்று அதிர்ந்தார். அப்பா வாய் திறப்பதற்குள் அவர் விரலைக் குத்திவிட்டார். அப்பா போட்ட கூச்சலில் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சீனி சரியாகத்தான் இருந்தது.

"அண்ணே, வீட்டுல யாரு குத்துனது?"

"நான்தான் மிஸ்ஸி," என்றார் அப்பா. அது பொய்யில்லை.

"யாரு விரல்ல?"

அம்மா கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். மிஸ்ஸிக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் விரலையும் குத்தினார். இந்தமுறை அம்மா சிரித்துக்கொண்டு நீட்டவில்லை.

"அக்கா, இவ்வளவு நாளா பார்த்தது உங்க சீனி. உங்களுக்கும் இருக்கு."

அன்று மாலை அப்பா தன் விரலைத் தானே குத்திக்கொண்டார். சத்தமே இல்லை. பிறகு புது ஊசி போட்டு, அம்மாவின் விரலைப் பிடித்தார்.

அப்பாவுக்கு ஊசிப் பயம் போய்விட்டதென்று பள்ளியில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். ஆனால், அத்தனை நாளும் கூசாமல் குத்திய அதே விரலை, அன்று குத்துமுன் அவர் ஏன் அப்படித் தடவித் தடவி ஊதினார் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.