கால் ஊன்றாமல் சாப்பிட்ட சோறு

சைக்கிளைவிட்டு இறங்காமல் நாள்கணக்கில் சுற்றுகிற தொழிலில் கால் வலிக்குப் பழகிவிடலாம். வயிற்றைப் பற்றிய பயத்துக்குக் கடைசிவரை பழக முடியாது. தொண்ணூறுகளில் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்தவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பொது இடத்தில் ஒரு கம்பம், அதில் ஒலிபெருக்கி, சுற்றிலும் கயிறு. கயிற்றுக்குள்ளே நான் வட்டமடித்துக்கொண்டே இருப்பேன். குளிப்பது, பல் விளக்குவது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேதான். ஒரு வாரம் கால் தரையில் படக்கூடாது. பட்டால் கடைசி நாள் வசூல் கிடையாது.

அந்த வசூலில்தான் மைக்செட் வாடகை, எனக்குப் பால், முட்டை, குளுக்கோஸ், வீட்டுக்கு அரிசி எல்லாம். நிறையச் சாப்பிட்டால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. குறைத்துச் சாப்பிட்டால் சைக்கிளிலிருந்து விழுவேன். அடுத்த வேளையை நினைத்துக்கொண்டே இந்த வேளையை விழுங்கியவர் நீங்கள் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஒரு அட்டை முட்டை

மைக்கில் பேசுகிறவன் மணிவேல். பாட்டுப் போடுவது, வசூல் செய்வது, என் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன் பொறுப்பு. தேவிகாபுரத்தில் முட்டைச் செலவை மிச்சம் பிடிக்க அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "நம்ம வீரர் பச்சை முட்டையா வரிசையா குடிப்பாரு! குடுக்க மனசு உள்ள மகராசங்க யாருனா இருக்கீங்களா?" என்று மைக்கில் முழங்கிவிட்டான். எனக்கோ பச்சை முட்டை வாசனையே ஆகாது.

முட்டை வியாபாரி ஒருவர் ஒரு அட்டையோடு வந்து கயிற்றோரம் நின்றார். நான் சுற்றி வரும்போதெல்லாம் டம்ளரில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி நீட்டினார். வாந்தி வந்தால் உடம்பு குலுங்கும், உடம்பு குலுங்கினால் சைக்கிள் சாயும். அந்தப் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஒன்று மட்டும் நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது, அழுகல். துப்பினால் ஏமாற்றுக்காரன் என்பார்கள். ஜனம் கை தட்டிக்கொண்டிருந்தது. விழுங்கினேன். ஹேண்டில்பார் ஆடி, முன்சக்கரம் கயிற்றில் உரசியது. கம்பத்தடியில் நின்ற என் மனைவி சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள். எப்படியோ நிமிர்த்திக்கொண்டு அடுத்த சுற்று வந்தபோது, வியாபாரி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அதுல ஒன்னு கூமுட்டைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்பா. நீ எப்டி மூஞ்சிய வெச்சிக்கினு குடிக்கறேன்னு பாக்கத்தான் வந்தேன்."

உப்பு

தெள்ளாரில் சித்திரை வெயில். வசூல் சரியில்லை. மணிவேல் முதலில் கை வைத்தது குளுக்கோஸில். "தண்ணி குடிச்சா போதும்ணா. மாடு இன்னா குளுக்கோஸ் குடிச்சிட்டா ஏர் இழுக்குது?" என்றான். எனக்கும் சரியென்றுதான் பட்டது. வீட்டில் அரிசிப் பானை கிட்டத்தட்டக் காலி.

ஒரு மத்தியானம் இடது கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டது. உங்களுக்குப் பிடித்தால் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வீர்கள். நான் ஒரு காலால் மிதித்தேன். பிறகு விரல்கள் மரத்தன. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைவிடப் பயம் எதில் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெண்ணின் முகம் வந்து போனது. வேண்டியவள் என்று தெரிகிறது, பெயர் வரவில்லை. அது சாந்தி.

கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவள் டீக்கடைக்கு ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரும் கை நிறையக் கல்லுப்புமாக வந்தாள். என்கூடவே ஓடிக்கொண்டு உப்பை வாயில் திணித்தாள், தண்ணீரை ஊற்றினாள். பாதி என் சட்டையில்தான் போனது. வெயில் சாய்ந்த பிறகுதான் விரல்களுக்கு உயிர் வந்தது. அதுவரை மைக்கில் பாட்டையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த மணிவேல், மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்கும் பயமாத்தாண்ணா இருந்துச்சி. நாளைக்கு குளுக்கோஸ் வாங்கிடறேன். நீ வுழறதுன்னா மட்டும் வசூல் முடிஞ்சப்பறம் வுழு."

இலவச பிரியாணி

ஆரணி டவுனில் ஓட்டியபோது ஓட்டல்காரர் ஒருவர் தானாக வந்தார். மைக்கில் தன் கடைப் பெயரைச் சொன்னால் தினம் ஒரு பொட்டலம் பிரியாணி தருகிறேன் என்றார். ஒரு வேளைச் செலவு மிச்சம்! "ஒரு கை மட்டும் சாப்புடுங்க, வயிறு தாங்காது" என்றாள் சாந்தி. கறி வாசனை பார்த்தே மாதக்கணக்கு ஆகியிருந்தது. எலும்பைக்கூட விடவில்லை.

சாயங்காலம் வயிறு பேச ஆரம்பித்தது. அதற்கென்று எங்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. நாலு பேர் வேட்டிகளைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு கூடவே வருவார்கள். ஆனால் அது விடியற்காலை வேலை. இப்போது கயிற்றைச் சுற்றி ஜவுளிக்கடைக்காரர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள், கடைக்குப் போகிற குடும்பங்கள். எனக்குக் குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டியது. மானம் போனால் இந்த ஊரில் மட்டும் போகாது, பஸ் ஏறி மற்ற ஊர்களுக்கும் போய்விடும். மணிவேலோ, "பாருங்க, நம்ம வீரர் உங்களுக்காக எப்படி வேர்வை சிந்தறாரு!" என்று உருகிக்கொண்டிருந்தான். நான் சைகை காட்டிக் காட்டிக் கடைசியில் அவனுக்குப் புரிந்தது. தறி வேலை முடித்து வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரைப் பிடித்து வேட்டியைக் கையில் கொடுத்தான். மானம் தப்பித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்த நெசவுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பட்டு நெய்யற கையி சார் இது. இன்னிக்கி இன்னாத்துக்கு துணிய புடிச்சிகினு ஓடினேன்னு வூட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

பால் டம்ளர்

முள்ளிப்பட்டில் ஓர் அம்மா தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் கொண்டுவருவார். வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் தறிக்குப் போவார். கம்பத்துக்குப் பின்னால் தார்ப்பாய் நிழலில் சாந்தியும் என் மகள் கவிதாவும் இருப்பார்கள். செலவு கட்டுப்படியாக வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் மத்தியானம் ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த நிழலைக் கடக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். பிள்ளையின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிவதைப் பார்க்கப் பயம்.

ஒரு நாள் நான் பால் டம்ளரை வாங்கியதும் கவிதா எழுந்து என் பக்கத்திலேயே ஓடி வந்தாள். "அப்பா, நானும் எறங்காம சைக்கிள் ஓட்னா எனக்கும் பால் குடுப்பாங்களா?" என்றாள். கூமுட்டையைக்கூட விழுங்கிய நான் அந்தப் பாலைக் குடிக்கவில்லை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி, டம்ளரைக் குனிந்து அவளிடம் கொடுத்துவிட்டேன். பாட்டு நின்றது. ஜனம் எட்டிப் பார்த்தது. வீரன் என்று நினைத்தால் குடும்பத்தோடு பிச்சை எடுக்க வந்திருக்கிறான் என்று சொல்லப்போகிறார்கள், கடைசி நாள் வசூல் போயிற்று என்று பயந்தேன். அந்த அம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். டம்ளரைப் பிடுங்கப்போகிறார் என்று குழந்தை அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அவர் அவள் தலையில் கை வைத்து, என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்: "ஏம்பா, வாயத் தொறந்து மொதல்லியே சொல்லக்கூடாதா? ரெண்டு டம்ளரா கொண்டாந்திருப்பேனே!"

புளியமரத்தடியில்

வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தபிறகு கயிற்றோரம் ஆள் குறைந்தது. மணிவேல் மைக்செட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான். நான் தறிகளுக்குப் பட்டு நூல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். சைக்கிளில்தான், ஆனால் நினைத்த இடத்தில் இறங்கலாம்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் வந்தவாசி ரோட்டில் போகும்போது, தலையில் தொப்பி மாட்டிய ஒரு பையன் மெல்லிய சக்கரம் வைத்த சைக்கிளோடு புளியமரத்தில் தோளைச் சாய்த்து நின்றிருந்தான். காலேஜில் படிக்கிறவன். சென்னையிலிருந்து நெடுந்தூரம் ஓட்டிப் பழகுகிறானாம். சீட்டைவிட்டு இறங்கவே இல்லை. உதடு வெளுத்துவிட்டது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறோமா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கொண்டுவந்த பிஸ்கெட் தீர்ந்துவிட்டது, கையில் இருக்கிற காசு திரும்பிப் போகிறவரைக்கும் வேண்டுமே என்று பயந்து ஓட்டலில் செலவு செய்யவில்லை என்றான். நான் என் தூக்குவாளியைத் திறந்தேன். தயிர்சாதம், ஊறுகாய். "எறங்கி உக்காந்து சாப்புடுப்பா, சைக்கிள நான் புடிச்சிக்கறேன்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னான்: "எறங்கினா திரும்ப ஏற முடியாதோன்னு பயமா இருக்குண்ணா. நீங்க சைக்கிள மட்டும் புடிச்சிக்கோங்க, நான் இப்படியே சாப்பிட்டுக்கறேன்."

எத்தனையோ மைல் மிதித்தும் ஒரு கயிற்றைத் தாண்டாத அந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கீழே விழப் பயப்படுகிறவனைவிட, அடுத்த வேளைச் சோற்றுக்குப் பயப்படுகிறவன் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான்.